கற்களாக விற்கப்பட்ட வான்ஸ்டெட் மாளிகை

1822 ஜூன் மாதத்தில் லண்டனுக்குக் கிழக்கே, எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு ஏலம் தொடங்கியது. முடிய 32 நாட்கள் ஆயின. ஓவியங்கள், சித்திரத் திரைகள், தங்க முலாம் பூசிய நாற்காலிகள், கட்டில்கள், சிலைகள் என்று ஒரு மாளிகைக்குள் நூறு வருஷமாகச் சேர்ந்திருந்த அத்தனையும் ஒவ்வொன்றாகச் சுத்தியலுக்கு வந்தன. கிடைத்த தொகை ஏறக்குறைய 41,000 பவுண்ட். கடனுக்கு அது போதவில்லை. அடுத்ததாக வீட்டையே விற்கப் பார்த்தார்கள். முழு வீடாக வாங்க ஆள் வரவில்லை. கடைசியில் நார்விச் நகரைச் சேர்ந்த கட்டட ஒப்பந்தக்காரர்கள் 10,000 பவுண்டுக்கு அதை இடித்து எடுத்துக்கொள்ளும் உரிமையை வாங்கினார்கள். 1825 வாக்கில் அந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் மிச்சம்.

அந்த வீட்டின் பெயர் வான்ஸ்டெட் மாளிகை. தீப்பிடித்து அழிந்ததில்லை, போரில் விழுந்ததில்லை. உறுதியாக நின்ற கட்டடம், நூறு வயதுதான். அதைக் கல் கல்லாகப் பிரித்து விற்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு கல்யாணம், ஒரு கடன், ஒரு சொத்து ஏற்பாடு. இதே சொத்து ஏற்பாடுதான் வீட்டைச் சுற்றியிருந்த நிலத்தைச் சிதறாமல் வைத்தது என்பது என் எண்ணம். வீடு போன கதையை மட்டும் சொல்லி நிறுத்துபவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

மாளிகைக்கு முன்பே அந்த இடத்துக்குப் பெயர் உண்டு. முதலாம் எலிசபெத் ராணியின் நெருக்கத்துக்குரிய லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி அங்கிருந்த பழைய வீட்டை வைத்திருந்தார். 1578இல் ராணி அங்கே விருந்தாளியாக வந்தார். அதே வருஷம் செப்டம்பரில் டட்லி அங்கேயே லெட்டிஸ் நோலிஸை ரகசியமாக மணந்தார். ராணிக்குத் தெரிந்தபோது பெரிய கோபம். பின்னால் ஹென்றி மில்ட்மே என்பவர் கைக்குப் போய், அவர் முதலாம் சார்லஸ் மன்னரை விசாரித்த நீதிபதிகள் குழுவில் இருந்ததால் 1660இல் முடியாட்சி திரும்பியதும் அவரிடமிருந்து பறிபோனது.

நமக்கு நெருக்கமான ஆள் இதற்குப் பிறகு வருகிறார். 1673 வாக்கில் வான்ஸ்டெட்டை வாங்கிய ஜோசையா சைல்ட்.

சைல்ட் பிறவிப் பிரபு அல்ல. வியாபாரியிடம் வேலை பழகியவர்; போர்ட்ஸ்மத்தில் கடற்படைக்கு உணவுப்பொருளும் பீரும் சப்ளை செய்து முன்னுக்கு வந்தவர். அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனியில் பங்குகளைக் குவித்தார், இயக்குநரானார், 1681 முதல் 1683 வரையிலும் மறுபடி 1686 முதல் 1688 வரையிலும் கம்பெனியின் தலைவராக இருந்தார். சென்னைக்கும் இந்த மனிதருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அவருடைய இரண்டாவது தலைமைக் காலத்தில்தான், 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனத்தின் மூலம் மதராஸுக்கு நகராட்சி வழங்கப்பட்டது. அந்தச் சாசனம் மன்னரின் முத்திரையில் வராமல் கம்பெனியின் முத்திரையிலேயே வந்ததில் சைல்டின் கை உண்டு. தூரத்து ஊரில் தன் பிடி தளரக் கூடாது என்பது அவருடைய கணக்கு. 1688 செப்டம்பர் 29 அன்று நகராட்சி தொடங்கியது; கோட்டையில் அப்போது பொறுப்பிலிருந்தவர் எலிஹு யேல். இன்றைய சென்னை மாநகராட்சி தன் வயதை எண்ணுவது அந்த நாளிலிருந்துதான்.

அதே காலத்தில் சைல்ட் ஔரங்கசீப்போடு மோதத் துணிந்தார். 1686இல் தொடங்கிய அந்தச் சண்டை கம்பெனிக்குத் தோல்வியில் முடிந்தது. மன்னிப்புக் கேட்டு, ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டித்தான் 1690இல் வியாபாரத்தைத் திரும்பத் தொடங்க முடிந்தது. ஆனால் சைல்டின் சொந்தக் கணக்கில் பெரிய அடி எதுவும் விழவில்லை. சோழமண்டலக் கரையிலும் வங்காளத்திலும் குஜராத்திலும் நெய்யப்பட்ட துணி லண்டனில் விற்றுக்கொண்டே இருந்தது. வான்ஸ்டெட்டின் அஸ்திவாரத்தில் கிடந்த பணம் முழுக்க இந்தியப் பணம் என்று சொல்ல முடியாது. கடற்படை ஒப்பந்தமும் பீரும் அதில் உண்டு. ஆனால் நம் நெசவாளிகளின் தறியிலிருந்து வந்த பங்கு அதில் பெரியது. இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் போவது எனக்குச் சம்மதமில்லை.

பணம் வந்ததும் சைல்ட் முதலில் செலவழித்தது கட்டடத்துக்கு அல்ல, மண்ணுக்கு. எப்பிங் காட்டின் ஓரத்தில், வளமில்லாத சரளை நிலம் அது. அங்கே அவர் மீன் குளங்களை வெட்டினார், வால்நட் மரங்களை வரிசை வரிசையாக நட்டார். 1683 மார்ச்சில் அங்கே போன ஜான் எவ்லின் தன் நாட்குறிப்பில் அதை எழுதியிருக்கிறார்: இவ்வளவு செலவை இப்படியொரு தரிசில் கொட்டுவதா என்ற முகச்சுளிப்பு அதில் தெரிகிறது. திடீர்ப் பணக்காரர்கள் இப்படிப்பட்ட இடத்தில்தான் போய் உட்காருவார்கள் என்கிறார். சைல்டின் சொத்து 2,00,000 பவுண்ட் என்று ஊர் பேசுவதையும் குறித்து வைக்கிறார். எவ்லின் மரம் வளர்ப்பைப் பற்றிப் புத்தகமே எழுதியவர், அதனால் அவர் கண்ணுக்கு மண்ணின் குறை பட்டதில் ஆச்சரியமில்லை. அவர் குறை கண்ட அந்தச் சரளை மண்தான் இன்றைக்கும் அந்த ஏரிகளுக்குப் பகை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1699இல் ஜோசையா இறந்தார். மூத்த மகன் 1704இல் காலமாக, சொத்து அவருடைய மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி ரிச்சர்ட் சைல்டுக்கு வந்தது. அப்போது ரிச்சர்டுக்கு இருபத்து நாலு வயசு இருக்கலாம். அப்பாவுக்குப் பணம் இருந்தது, மகனுக்கு அந்தஸ்து வேண்டியிருந்தது. ஜார்ஜ் லண்டன் என்ற புகழ்பெற்ற தோட்டக் கலைஞரைக் கொண்டு முதலில் தோட்டத்தை விரிவாக்கினார். 1715இல் தோட்ட வேலைக்காகத் தோண்டியபோது ரோமானியர் காலத்துச் சித்திரக் கல்தரை ஒன்று மண்ணுக்கடியில் தட்டுப்பட்டது. அதே வாக்கில் பழைய வீட்டை எடுத்துவிட்டுப் புதிய மாளிகைக்கு வேலை தொடங்கியது.

வடிவமைத்தவர் கோலன் கேம்பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 260 அடி நீளம், போர்ட்லண்ட் வெள்ளைக் கல் முகப்பு, நடுவில் ஆறு பெரிய தூண்கள் தாங்கும் முகமண்டபம், அதற்கு மேலே கோயில் போல முக்கோண நெற்றி. ஆறு தூண் முகமண்டபம் அதுவரை இங்கிலாந்தில் எந்தத் தனியார் வீட்டுக்கும் இருந்ததில்லை; கேம்பெல் தன் கட்டட வரைபட நூலில் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். உருண்டு திரண்ட பரோக் அலங்காரங்கள் நாட்டில் கோலோச்சிய காலம் அது. கேம்பெல் அதை ஒதுக்கிவிட்டு, இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் வழியில் நேர்கோடும் அளவும் நிதானமும் கொண்ட ஒரு முகத்தை வைத்தார். இந்த ஒரு வீட்டைப் பார்த்து எத்தனையோ வீடுகள் பிறந்தன. யார்க்‌ஷரின் வென்ட்வொர்த் வுட்ஹவுஸ், பாத் நகரின் பிரயர் பார்க் இரண்டிலும் வான்ஸ்டெட்டின் சாயலைக் காணலாம். ஆங்கிலேயப் பிரபு வீடு என்றதும் நம் மனதில் எழும் அந்தத் தூண் வைத்த வெள்ளை முகப்புக்கு மூலப்படி வான்ஸ்டெட் என்று சொன்னால் மிகையாகாது. மூலப்படி போய் நகல்கள் நிற்கின்றன.

உள்ளே வில்லியம் கென்ட்டின் வேலைப்பாடு. 1730ஐ ஒட்டி வில்லியம் ஹோகார்த் அந்த வீட்டின் கூடத்தில் குடும்பமும் விருந்தாளிகளும் கூடியிருப்பதை வரைந்தார். சீட்டாட்ட மேசை, தேநீர், சுவரில் சித்திரத் திரை, கணப்பு அடுப்புக்கு மேலே செதுக்கு வேலை, பட்டுப் பாவாடைகளின் பளபளப்பு. அந்த ஓவியம் இப்போது அமெரிக்காவில், பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடிந்துபோன ஒரு வீட்டின் கூடத்துக்குள் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க இப்படியொரு வழி கிடைப்பது அபூர்வம்.

வெளியே தோட்டம் இன்னும் பெரிய காட்சி. வீட்டின் மேற்கு வாசலுக்கு நேராக எட்டு மூலைக் குளம். கிழக்கே புல்வெளிச் சரிவு இறங்கி, ரோடிங் ஆற்றங்கரை ஏரிகள் வரை ஒரே நேர்ப் பார்வை. ஜான் ரோக் 1735இல் போட்ட வரைபடத்தில் நடைபாதைகளும் செயற்கைத் தீவுகளும் வளைந்த நீர்நிலைகளும் ஒன்று விடாமல் பதிவாகியிருக்கின்றன. லண்டன் மக்கள் சாரை சாரையாக வந்து பார்த்தார்கள். கூட்டம் தாங்காமல், வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் காட்டினால் போதும் என்று பணியாளர்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்ததாக டேனியல் டிஃபோ எழுதுகிறார். ரிச்சர்ட் சைல்ட் 1731இல் டில்னி பிரபு ஆனார். அப்பா எட்டாத உயரம்.

அவருடைய மகன் இரண்டாம் டில்னி பிரபு பெரும்பாலும் இத்தாலியில் வாழ்ந்தார்; 1784இல் நேப்பிள்ஸில் வாரிசு இல்லாமல் இறந்தார். ஆனால் இன்றைக்குப் பூங்காவில் நிற்கும் இரண்டு கட்டடங்களும் அவர் காலத்தவை. ஒன்று, ‘டெம்பிள்’ என்று அழைக்கப்படும் தூண் வைத்த சிறு மண்டபம். மற்றது ஏரிக்கரையில் உள்ள செயற்கைக் குகை மண்டபம். கீழே படகு நிறுத்தும் இடம், மேலே கவிந்த கூரைக்கடியில் ஒரு அறை. சுவர் முழுக்கச் சிப்பியும் கூழாங்கல்லும் படிகக் கல்லும் பதித்திருந்தார்கள். ஏரியில் படகில் வந்து, இருட்டான வளைவுக்குள் நுழைந்து, மேலே ஏறினால் மினுமினுக்கும் அறை. 18ஆம் நூற்றாண்டின் ரசனைக்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி தேவையில்லை.

சொத்து அவருடைய சகோதரி மகன் வழியாக டில்னி-லாங் குடும்பத்துக்குப் போனது. 1805இல் அந்தக் குடும்பத்தின் ஒரே பையன் சிறுவயதிலேயே இறந்தான். அக்காள் கேத்தரின் பதினைந்து வயதில் ஆண்டுக்கு 40,000 பவுண்டுக்கு மேல் வருமானம் வரும் என்று பேசப்பட்ட சொத்துக்கு உடைமைக்காரி ஆனாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த கோந்தே இளவரசர் மாளிகையில் வாடகைக்கு இருந்தார். கேத்தரின் வயதுக்கு வந்ததும் வரன்கள் குவிந்தன. பின்னாளில் நான்காம் வில்லியம் மன்னரான கிளாரன்ஸ் கோமகனே பெண் கேட்டார். அவள் 1812 மார்ச்சில் கைபிடித்தது வில்லியம் வெல்லெஸ்லி-போல் என்ற இளைஞனை.

வெல்லெஸ்லி என்ற பெயர் நமக்குப் பழக்கமானது. மாப்பிள்ளையின் பெரியப்பா ரிச்சர்ட் வெல்லெஸ்லி, 1798 முதல் 1805 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்ததும், அதே 1799இல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சி கம்பெனியிடம் போனதும் அவர் காலத்தில். சித்தப்பா ஆர்தர், பிற்பாடு நெப்போலியனை வென்ற வெலிங்டன். ஆக வான்ஸ்டெட்டின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் நம் மண்ணில் கால்பதித்த இரண்டு குடும்பங்கள்.

கல்யாண ஒப்பந்தத்தில்தான் முடிச்சு. நம் ஊர்ப் பத்திரங்களில் ‘ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ளலாம், பராதீனம் செய்ய பாத்தியமில்லை’ என்று எழுதுவார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. வில்லியமுக்கு ஆயுட்கால அனுபோகம்; நிலம் அப்படியே அடுத்த வாரிசுக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் வருமானத்தை அனுபவிக்கலாம், தன் அனுபோகத்தின் பேரில் கடன் வாங்கலாம், நிலத்தை விற்க முடியாது. கையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சொத்து, ரொக்கமோ கடனாகத்தான் வரும். வில்லியம் அதற்குச் சளைக்கவில்லை. 1814இல் வெலிங்டனைக் கௌரவிக்கப் பிரம்மாண்ட விருந்து. 1818இல் வில்ட்‌ஷர் தொகுதியில் வாரியிறைத்த தேர்தல் செலவு. நாடாளுமன்ற உறுப்பினரைக் கடனுக்காகக் கைது செய்ய முடியாது என்பது அன்றைய சட்டம். அந்தப் பதவி அவருக்கு எவ்வளவு அவசியம் என்பது புரியும். ஹம்ப்ரி ரெப்டனை அழைத்துத் தோட்டத்தைப் புதுப்பிக்கவும் திட்டம் போட்டார். 1822இல் கடன்காரர்களுக்குப் பயந்து குடும்பத்தோடு ஐரோப்பாவுக்கு ஓடினார்.

கடன்காரர்கள் வந்து பார்த்தபோது நிலத்தில் கை வைக்க வழியில்லை. விற்கக்கூடியவை மேசை நாற்காலிகளும் ஓவியங்களும். அவை தீர்ந்ததும் கல்லும் மரமும் ஈயத் தகடும். கட்டி முடிக்க லட்சக்கணக்கான பவுண்ட் பிடித்ததாகச் சொல்லப்பட்ட வீட்டை 10,000 பவுண்டுக்கு விற்றதைக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். கட்டடக் கலையில் ஒரு யுகத்தைத் தொடங்கிவைத்த வீடு என்பது அன்றைக்குத் தெரியாத செய்தியல்ல. தெரிந்தும் தடுக்க ஒரு சட்டம் இல்லை, ஒரு அமைப்பு இல்லை. பழைய கட்டடங்களைக் காக்கும் முதல் சட்டம் பிரிட்டனில் வர 1882 ஆனது, அதுவும் ஆளில்லாத தொல்சின்னங்களுக்கு மட்டும்.

கேத்தரின் 1825 செப்டம்பரில், வீடு இடிந்த அதே காலத்தில், முப்பத்தைந்து வயதில் இறந்தார். கணவர் அதற்குள் வேறொருவரின் மனைவியுடன் வாழத் தொடங்கியிருந்தார். பிள்ளைகளை யார் வளர்ப்பது என்ற வழக்கு எழுந்தது. அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் பிள்ளைகள் மீது தகப்பனுக்கு இருந்த உரிமை ஏறக்குறைய முழு உரிமை. 1827இல் நீதிபதி எல்டன் பிரபு, தகப்பனின் நடத்தை சரியில்லை என்று காட்டி அந்த உரிமையை மறுத்தார். மேல்முறையீட்டிலும் அது நின்றது. பிள்ளையின் நலன் என்று நீதிமன்றங்கள் இன்று பேசுவதற்கு முன்னோடியான தீர்ப்புகளில் இது ஒன்று. கேத்தரினின் தங்கைகள் அந்தப் பிள்ளைகளுக்காக விடாமல் போராடினார்கள். இந்தக் கதையில் என் மரியாதை அவர்களுக்குத்தான். வில்லியம் பிற்பாடு மார்னிங்டன் பிரபு என்ற பட்டத்தை அடைந்தும், கடைசிக் காலத்தில் வெலிங்டன் குடும்பம் கொடுத்த வாரம் 10 பவுண்டை நம்பி வாழ்ந்து, 1857இல் இறந்தார்.

இங்கிலாந்தில் பிரபு மாளிகைகள் பெருவாரியாக இடிந்தது 20ஆம் நூற்றாண்டில். விவசாய வருமானம் விழுந்தது, 1894இல் வந்த வாரிசு வரி ஏறிக்கொண்டே போனது, இரண்டாம் உலகப் போரில் ராணுவம் எடுத்துக்கொண்ட வீடுகள் குலைந்து திரும்பின. 1950களின் நடுவில் சில நாட்களுக்கு ஒரு மாளிகை என்ற கணக்கில் போயின. 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்த அழிவைக் கண்காட்சியாக வைத்த பிறகுதான் பொதுமக்கள் உலுக்கப்பட்டார்கள். அந்த அலைக்கு நூறு வருஷம் முந்தியது வான்ஸ்டெட். இன்னும் முன்னோடி ஒன்று உண்டென்றால் சாண்டோஸ் கோமகனின் கேனன்ஸ் மாளிகை. அது 1747இலேயே இப்படி விற்றுப் பிரிக்கப்பட்டது.

சரி, நிலம் என்ன ஆனது? விற்க முடியாததால் அது வில்லியமுக்குப் பிறகு அவருடைய மகனுக்கு வந்தது. அந்த மகன் 1863இல் இறந்தபோது உறவினர் கௌலி பிரபுவுக்குப் போனது. லண்டன் அப்போது கிழக்கே வீங்கிக்கொண்டிருந்தது. காட்டோர மேய்ச்சல் வெளிகளை நில உடைமையாளர்கள் வேலிபோட்டு மனையாக்கத் தொடங்கியிருந்தார்கள். வான்ஸ்டெட் பூங்காவை ஒட்டிய திறந்த வெளி வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ். 1871 ஜூலையில் அங்கே ஆயிரக்கணக்கான கிழக்கு லண்டன் உழைப்பாளிகள் கூடினார்கள். அன்று மாலை கௌலி பிரபுவின் வேலி பிடுங்கி எறியப்பட்டது.

வேலியைப் பிடுங்கினால் மட்டும் வழக்கு ஜெயிக்காது. சட்டத்தில் ஒரு பிடி வேண்டும். அது எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1850களில் லண்டன் மாநகர நிர்வாகம் கல்லறைத் தோட்டத்துக்காக ஆல்டர்ஸ்புரூக் பண்ணை நிலத்தை வாங்கியிருந்தது. அதுவும் வெல்லெஸ்லி குடும்பத்து நிலம்தான். எப்பிங் காட்டின் எந்த மூலையிலும் மாடு மேய்க்கும் உரிமை அந்தப் பண்ணையோடு சேர்ந்து வந்தது. அந்த மேய்ச்சல் உரிமையை வைத்துக்கொண்டு மாநகர நிர்வாகம் நில உடைமையாளர்கள் அத்தனை பேர் மீதும் வழக்குப் போட்டது. 1874இல் நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல் வேலிகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காடு பொதுமக்களுக்கு என்று எழுதப்பட்டது. 1880இல் வான்ஸ்டெட் பூங்காவின் 184 ஏக்கரைக் கௌலி பிரபுவிடமிருந்து மாநகர நிர்வாகம் பெற்றது. 1882 ஆகஸ்ட்டில் பூங்கா எல்லோருக்கும் திறந்தது. வில்லியமால் 1822இல் நிலத்தையும் கூறுபோட்டு விற்க முடிந்திருந்தால் அந்த 184 ஏக்கரும் செங்கல் வீடுகளாக மாறியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திறந்த இரண்டாம் வருஷமே, 1884இல், குகை மண்டபம் தீயில் போனது. ஏரியைப் பார்த்த முகப்பு மட்டும் நிற்கிறது. மாளிகை இருந்த இடம் 1893இல் தொடங்கிய கோல்ஃப் கிளப்பின் மைதானத்துக்குள் இருக்கிறது. பழைய குதிரை லாயம்தான் அவர்களுக்குக் கட்டடம். ஓவர்டன் டிரைவ் முனையில் பழைய நுழைவாயிலின் கல் தூண்கள் இரண்டும், பக்கத்தில் செயின்ட் மேரி தேவாலயத்துக்குள் ஜோசையா சைல்டின் பெரிய பளிங்கு நினைவுச் சின்னமும் உண்டு. மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போகும் தமிழர்களுக்கு இந்தப் பூங்கா எட்டும் தூரத்தில்தான். வசந்தத்தில் அங்குள்ள சாலே காட்டில் நீலமணிப் பூக்கள் தரையே தெரியாமல் பூக்கும், அதற்காகவே போகலாம்.

ஆனால் பூங்கா நலமாக இல்லை. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலில் 2009 முதல் வான்ஸ்டெட் பெயர் இருக்கிறது. முக்கியக் காரணம் தண்ணீர். சரளை மண்ணில் வெட்டிய ஏரிகள் ஒழுகுகின்றன. ஹெரோன்ரி குளத்துக்கு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க வேண்டியிருக்கிறது; கீழேயுள்ள அலங்கார ஏரி கோடையில் சேறு தெரிய வற்றுகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஒரு குடும்பத்தின் செலவில் தளும்பிய நீரை இன்று பொதுப்பணத்தில் நிரப்ப வேண்டும். பூங்காவைப் பராமரிக்கும் லண்டன் மாநகர நிர்வாகத்துக்கும், பல வருஷமாகக் குரல் கொடுத்துவரும் உள்ளூர் ஆர்வலர்களுக்கும் முன்னே இருக்கும் முதல் வேலை, குகை மண்டபத்தின் மீதமுள்ள சுவரைக் காப்பதும் அந்த ஏரிகளின் அடியை அடைப்பதும்தான்.